கடன் மனுவுடன் மண் பரிசோதனையும் வேண்டும்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது என் உத்தியோகம். அவ்விதம் பார்வையிடுகையில், கரும்புச் சாகுபடிக் கடன் பெற்ற அங்கத்தினர்களுக்கு உரம் வழங்கிய பதிவேடு ஒன்றை அண்மையில் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்த பெயர்கள் அத்தனைக்கும் எதிரே, ஏக்கருக்கு இத்தனை மூட்டை யூரியா, இத்தனை மூட்டை சூப்பர், இத்தனை மூட்டை பொட்டாஷ் என்று ஒரே அளவு எழுதப்பட்டிருந்தது. பதிவேடு சுத்தமாயிருந்தது. கூட்டல் சரியாயிருந்தது. கையொப்பங்களும் குறைவின்றி இருந்தன. நானும் வழக்கம்போல் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பட்டாபிராமுக்குத் திரும்பும் ரயிலில்தான் ஓர் ஐயம் எழுந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவருடைய நிலம் ஆற்றை அடுத்த மணற்பாங்கு. இன்னொருவருடையது மேட்டுச் செம்மண். மூன்றாமவருடையது ஏரிக்கரையின் கீழுள்ள களிமண். இம்மூன்று நிலங்களுக்கும் ஒரே அளவு பசி என்று சொன்னவர் யார்? நிலத்தைக் கேட்டுச் சொன்னவர் ஒருவருமில்லை. கடன் அளவை நிர்ணயித்த காகிதம் சொல்லியது; பண்டகசாலையில் இருந்த சரக்கு சொல்லியது; தணிக்கைக்கு வரும் என்னைப் போன்றவர்களின் வசதியும் சொல்லியது.

இக்கட்டுரையின் கருத்து ஒன்றே. கரும்புக்காகச் சங்கத்தில் கடன் கோரும் ஒவ்வோர் அங்கத்தினரும், தம் சொந்த வயலின் மண்ணைச் சோதித்த சீட்டைக் கடன் மனுவுடன் இணைக்கவேண்டும். சங்கமும் அச்சீட்டைப் பார்த்தே உரம் வழங்கவேண்டும். இதனை ஒரு புதுச் சுமையாகக் கருதுவோர் உண்டு. சுமையைக் குறைக்கும் வழியே இது என்பதைக் காட்ட முயல்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு தனி உரிமை உண்டு. தமிழ்நாட்டில் முதன்முதலாக வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கம் ஏற்பட்டது 1904-ஆம் ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூர் கிராமத்தில். இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. பட்டாபிராமிலிருந்து மேற்கே சில ரயில் நிலையங்கள் தாண்டினால் அடைந்துவிடலாம். அதே திரூரில் இப்போது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும், வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கடனும் விஞ்ஞானமும் ஒரே ஊரில் குடியிருக்கின்றன. ஆனால் அங்கத்தினரின் கடன் மனுவில் இவ்விரண்டும் இன்னும் சந்திக்கவில்லை.

பட்டாபிராமைச் சுற்றியிருந்த வயல்களில் பெரும்பகுதி வீட்டுமனைகளாகவும் கட்டிடங்களாகவும் மாறிவிட்டது. ஆயினும் திருவள்ளூரைத் தாண்டிக் கடம்பத்தூர், மணவூர், திருவாலங்காடு என்று செல்லச் செல்ல இன்றும் கரும்பு கண்ணில் படுகிறது. திருவாலங்காட்டில் அமைந்துள்ள திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு தரும் அங்கத்தினர்களையும், அவர்களைப் போன்ற பிற ஆலைப் பகுதி அங்கத்தினர்களையும் எண்ணியே இதனை எழுதுகிறேன்.

சொத்தும் கைரொக்கமும்

மண்ணில் எவ்வளவு சத்து இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் எவ்வளவு பயிருக்குக் கிடைக்கும் என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் உண்டாகிறது.

சங்கக் கணக்கை அறிந்தவர்களுக்கு இதனை எளிதாக விளக்கலாம். ஒரு சங்கத்துக்குக் கட்டிடம் உண்டு, கிடங்கு உண்டு, வரவேண்டிய கடன் பாக்கியும் உண்டு. சொத்தின் மதிப்பு பெரிதாகவே இருக்கும். ஆனால் இன்று காலை ஒருவர் தம் வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்டால், கிடங்கின் சுவரைப் பெயர்த்துக் கொடுக்க இயலாது. பெட்டியிலுள்ள கைரொக்கத்தைத்தான் கொடுக்க முடியும். மண்ணிலும் அப்படியே. மணிச்சத்து ஏராளமாக இருக்கலாம். செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்பு அதைப் பூட்டிவைக்கும். தழைச்சத்தின் பெரும்பகுதி மட்கிய பொருளுக்குள் அடங்கியிருந்து சிறிது சிறிதாகவே வெளிவரும். சாம்பல் சத்து களிமண்ணின் ஏடுகளுக்கிடையே சிக்கிக் கிடக்கும். கரும்பின் வேர் கேட்பது கைரொக்கத்தை.

ஆகவே சோதனைச்சாலையில் மண்ணைக் கடுமையான அமிலத்தில் கரைத்து மொத்தச் சத்தையும் அளப்பதில்லை. வேர் எடுத்துக்கொள்ளக்கூடிய பகுதியை மாத்திரம் பிரித்தெடுக்கும் மென்மையான கரைசல்களையே பயன்படுத்துகிறார்கள். தழைச்சத்தை அளக்கக் காரங் கலந்த பெர்மாங்கனேட் கரைசலைக் கையாளும் முறையை, சுப்பையா, அசிஜா என்ற இருவர் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்தியச் சோதனைச்சாலைகளில் இன்றும் அது வழக்கிலுள்ளது. நம் பக்கத்துக் காரத்தன்மையுள்ள மண்ணில் மணிச்சத்தைக் காண, அமெரிக்காவில் ஓல்சன் முதலியோர் 1954-இல் கண்ட சோடியம் பைகார்பனேட் முறை ஏற்றது. சாம்பல் சத்துக்கு அம்மோனியம் அசிடேட் கரைசல். இவை வெறும் புத்தக முறைகளல்ல. கரைசலில் வந்த அளவும், வயலில் பயிர் எடுத்த அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பல இடங்களில் சோதித்துப் பார்த்து நிலைநாட்டப்பட்டவை.

நம் நாட்டில் 1955-56-இல் இந்திய அமெரிக்க ஒப்பந்தத்தின் கீழ் 16 மண் பரிசோதனைச் சாலைகள் தொடங்கப்பட்டன. பின்னர் 1967-இல் ராமமூர்த்தி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், இத்தனை மகசூல் வேண்டுமென்றால் இத்தனை உரம் போதும் என்று கணக்கிடும் முறையை வகுத்தனர். ஒரு டன் விளைச்சலுக்குப் பயிர் எடுக்கும் சத்து எவ்வளவு, அதில் மண் கொடுப்பது எவ்வளவு, இட்ட உரத்தில் பயிருக்குச் சேர்வது எவ்வளவு என்ற மூன்றையும் கொண்டு போடும் கணக்கு அது. இவற்றுள் மண் கொடுப்பது எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் வைத்துக் கணக்குப் போடுவது, முன்னிருப்பை எழுதாமல் ரொக்கப் புத்தகத்தைத் தொடங்குவது போன்றதாகும்.

பிரதிநிதித் தேர்தலும் மண் எடுத்தலும்

ஒரு ஏக்கர் நிலத்தில் மேலிருந்து ஒன்பது அங்குல ஆழம் வரையிலுள்ள மண் ஏறத்தாழ 12 லட்சம் கிலோ எடையுள்ளது. நாம் சோதனைச்சாலைக்கு அனுப்புவது அரைக் கிலோ. அங்கே ஒவ்வொரு சோதனைக்கும் எடுத்துக்கொள்வதோ சில கிராம். அந்தச் சில கிராம் மண், 12 லட்சம் கிலோ மண்ணின் பிரதிநிதியாக நின்று பேசுகிறது. பிரதிநிதித் தேர்தல் ஒழுங்காக நடைபெறாவிட்டால் பொதுப் பேரவையின் தீர்மானம் எப்படியிருக்கும் என்பதை நம் அங்கத்தினர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சோதனைச்சாலையின் கருவி எவ்வளவு நுட்பமாயிருந்தாலும், வயலில் மண் எடுத்தவரின் தவற்றை அதனால் திருத்த முடியாது.

ஆகவே மண் எடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூறுகிறேன். வரப்பு ஓரம், வாய்க்கால் ஓரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றை விலக்கவேண்டும். நிறத்திலும், மேடு பள்ளத்திலும், முன்பயிரிலும் ஒத்திருக்கும் பகுதியை மாத்திரம் ஒரு பிரிவாகக் கொள்ளவேண்டும். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத ஒரு முடிவே கிடைக்கும். ஒரு பிரிவில் 10 முதல் 15 இடங்களில், மேலேயுள்ள சருகை நீக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில வி எழுத்தின் வடிவில் குழி வெட்டவேண்டும். கரும்புக்கு ஒன்பது அங்குல ஆழம் தேவை. வெட்டிய மண்ணை எறிந்துவிட்டு, குழியின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் ஒரு படலத்தைச் சீவி எடுக்கவேண்டும்.

எல்லா இடத்து மண்ணையும் சுத்தமான சாக்கின்மேல் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நான்காகப் பகுத்து, எதிரெதிர் இரண்டு பாகங்களை நீக்கவேண்டும். எஞ்சியதை மறுபடியும் கலந்து பகுக்கவேண்டும். அரைக் கிலோ மிஞ்சும் வரையில் இவ்விதம் செய்யவேண்டும். நிழலில் உலர்த்திச் சுத்தமான துணிப்பையில் இட்டுப் பெயர், சர்வே எண், முன்பயிர், இடப்போகும் பயிர், பாசனம் ஆகியவற்றை எழுதிய சீட்டை வைக்கவேண்டும். உரம் வந்த காலிச் சாக்கில் மண்ணைப் போட்டு அனுப்பும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. யூரியாச் சாக்கில் வந்த மண், யூரியாவின் கதையைத்தான் சொல்லும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லவேண்டும். 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ராஜஸ்தானத்தில் சூரத்கட் என்னுமிடத்தில் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தின்படி, நாடு முழுவதும் விவசாயிகளுக்கு அட்டைகள் வழங்கப்பட்டன. 12 குணங்கள் குறிக்கப்பட்ட நல்ல அட்டை அது. ஆனால் அத்திட்டத்தில் பாசன நிலமாயின் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரி நிலமாயின் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்ற கட்டத்தின்படி மண் எடுக்க விதி செய்யப்பட்டது. இரண்டரை ஹெக்டேர் என்பது ஆறு ஏக்கருக்கும் மேல். ஓர் ஏக்கரும் இரண்டு ஏக்கரும் வைத்திருக்கும் நம் அங்கத்தினருக்கு, அந்த அட்டை பக்கத்து வயலைப் பற்றியதாகவும் இருக்கலாம். அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவர்கள் உண்டு. அது தம் நிலத்தைப் பற்றிச் சொல்லவில்லை என்று உள்ளுணர்வால் அறிந்தே அப்படிச் செய்தார்கள் போலும். ஆகவேதான் சொந்த வயலின் மண் என்று நான் வற்புறுத்துகிறேன்.

சீட்டைப் படிப்பது எப்படி

ஹெக்டேருக்கு 100 டன் விளையும் கரும்பு, நிலத்திலிருந்து ஏறத்தாழ 208 கிலோ தழைச்சத்தும், 53 கிலோ மணிச்சத்தும், 280 கிலோ சாம்பல் சத்தும் எடுத்துக்கொள்கிறது. கந்தகம் 30 கிலோ. இரும்பு, துத்தநாகம் முதலியன சிறிதளவு. தழைச்சத்தைவிடச் சாம்பல் சத்தை மிகுதியாகக் கேட்கும் பயிர் கரும்பு என்பதை அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும். ஆனால் நடைமுறையில் யூரியாவுக்கே முதல் மரியாதை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கையில், பல மடங்கு விலையுள்ள பொட்டாஷைக் குறைத்துக்கொள்வது மனித இயல்பு. மலிவாயிருப்பது பயிருக்கு வேண்டியதாகவும் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஆலைக் கரும்புக்குத் தமிழ்நாட்டில் வழங்கும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 300, மணிச்சத்து 100, சாம்பல் சத்து 200 கிலோ. ஏக்கருக்கு 120, 40, 80 என்று கொள்ளலாம். மூட்டைக் கணக்கில் யூரியா சுமார் ஆறு மூட்டை, சூப்பர் ஐந்து மூட்டை, பொட்டாஷ் இரண்டு மூட்டைக்குச் சற்றே அதிகமான இரண்டே முக்கால் மூட்டை வரையில் ஆகும். மண்ணைச் சோதிக்க இயலாதவருக்கென்று வகுத்த பொது அளவு இது. மருத்துவர் இல்லாத ஊரில் எல்லோருக்கும் கொடுக்கும் கஷாயம் போன்றது.

சோதனைச் சீட்டில் எண்கள் ஹெக்டேருக்குக் கிலோ என்ற அளவில் இருக்கும். தழைச்சத்து 280-க்குக் கீழே இருந்தால் குறைவு, 450-க்கு மேல் மிகுதி. மணிச்சத்து 11-க்குக் கீழே குறைவு, 22-க்கு மேல் மிகுதி. சாம்பல் சத்து 118-க்குக் கீழே குறைவு, 280-க்கு மேல் மிகுதி. இடைப்பட்டவை நடுத்தரம். குறைவாயின் பொதுப் பரிந்துரையில் கால் பங்கு கூட்டியும், மிகுதியாயின் கால் பங்கு குறைத்தும் இடுவது எளிய வழக்கம்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். ஆண்டுதோறும் சூப்பரும் டி.ஏ.பி.யும் இட்டுவந்த வயலில் மணிச்சத்து மிகுதி என்று சீட்டு வந்தால், 40 கிலோவுக்குப் பதிலாக 30 கிலோ போதும். ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் சூப்பர் மிச்சம். அதே வயலில் சாம்பல் சத்து குறைவு என்று வந்தால், 80 கிலோ என்பது 100 கிலோவாக உயரும். மிச்சப்பட்ட பணம் அதற்கு உதவும். ஆகவே மண் பரிசோதனை என்றால் உரத்தைக் குறைப்பது என்று மாத்திரம் எண்ணலாகாது. இடம் மாற்றிச் செலவிடக் கற்பிப்பதே அதன் வேலை.

நுண்ணூட்டச் சத்துக்களைப் பற்றி ஒரு வார்த்தை. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில், முக்கியமாக மறுதாம்புக் கரும்பில், குருத்து இலைகள் வெளுத்து நரம்பு மாத்திரம் பச்சையாகத் தெரியும். இது இரும்புச் சத்துக் குறைவு. நம்மவர்கள் பயிர் பசிக்கிறது என்று எண்ணி மேலும் ஒரு மூட்டை யூரியாவை வீசுகிறார்கள். பயிருக்குப் பசிதான், ஆனால் பரிமாறியது வேறு பண்டம். சீட்டில் இரும்பு குறைவென்று கண்டால் ஹெக்டேருக்கு 100 கிலோ அன்னபேதியும், துத்தநாகம் குறைவென்று கண்டால் 37.5 கிலோ துத்தநாக சல்பேட்டும் அடியுரமாக இடுமாறு பரிந்துரை இருக்கிறது.

மிகுதியால் வரும் நஷ்டம் யாருக்கு?

உரம் சிறிது கூடினால் என்ன, பயிர் செழிக்கத்தானே செய்யும் என்று கேட்பவர் பலர். நெல்லுக்கும் கரும்புக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான். கரும்பில் நாம் விற்பது தோகையையன்று, சர்க்கரையை. தழைச்சத்து அளவுக்கு மிஞ்சினால், முதிரவேண்டிய காலத்தில் கரும்பு முதிராமல் வளர்ந்துகொண்டேயிருக்கும்; சாய்ந்துவிடும்; சாற்றில் நீர் கூடிச் சர்க்கரை குறையும். பச்சைப் பசேலென்று நிற்கும் வயல் கண்ணுக்கு நிறைவு, ஆலையின் எடை மேடையிலும் நிறைவு, கொதிகலத்தில்தான் குறைவு.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சதவீதச் சர்க்கரைத் திறனுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு 355 ரூபாய். திறன் உயர்ந்தால் விலை கூடும். குறைந்தால் விலை குறையும். ஆனால் ஆலையின் திறன் 9.5 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 329 ரூபாய் 5 காசுக்குக் குறையாது. விவசாயியைக் காக்க வகுத்த நல்ல விதி இது. ஆனால் இதனால் ஒரு தவறான எண்ணமும் உண்டாகிறது. விலை ஆலை முழுவதற்கும் ஒரே சராசரியில் தரப்படுவதால், என் வயலில் சர்க்கரை குறைந்தாலும் எனக்கு நஷ்டமில்லை என்று ஒருவர் எண்ணலாம்.

நஷ்டம் எங்கே போகிறது? ஏக்கருக்கு 40 டன் விளைந்த வயலில், சர்க்கரைத் திறன் அரைச் சதவீதம் குறைந்தால் 200 கிலோ சர்க்கரை குறைகிறது. விலைப் பாதுகாப்பினால் அந்த நஷ்டம் விவசாயியின் தலையில் விழாவிட்டால், ஆலையின் தலையில் விழுகிறது. தனியார் ஆலையாயின் முதலாளியின் நஷ்டம் என்று சிலர் சும்மா இருக்கலாம். கூட்டுறவு ஆலையின் முதலாளி யார்? பங்குத் தொகை கட்டிய நாம்தான். ஆலை நஷ்டத்தில் ஓடினால் கரும்புப் பணம் தாமதிக்கும். பணம் தாமதித்தால் சங்கக் கடன் தவணை தப்பும். தவணை தப்பினால் உரிய காலத்தில் செலுத்துபவருக்குக் கிடைக்கும் வட்டிச் சலுகையும் போகும். இடது பையிலிருந்து விழுந்த காசு வலது பையில் சேர்வதில்லை. பக்கத்து வயல்காரர் தம் நிலத்தில் கொட்டும் வேண்டாத யூரியா, இவ்வழியே சுற்றி வந்து நம் வீட்டு வாசலையும் தட்டுகிறது.

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

இந்த யோசனைக்குச் சொல்லப்படும் தடைகளை நான் அலட்சியம் செய்யவில்லை. அவற்றில் உண்மையும் உண்டு.

முதலாவது, காலதாமதம். நடவுப் பருவம் வந்தபின் மண்ணை அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தால் பருவம் தவறும். உண்மை. ஆனால் நம் கரும்புப் பட்டங்கள் யாவரும் அறிந்தவை. முன்பட்டம் டிசம்பர், ஜனவரி. நடுப்பட்டம் பிப்ரவரி, மார்ச். பின்பட்டம் ஏப்ரல், மே. முன்பயிர் நீங்கிய உடனே, நடவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே மண்ணை எடுத்துவிட்டால் தாமதம் ஏது? கடன் மனுவை எழுதச் சங்கத்துக்கு ஒரு முறையேனும் முன்கூட்டி வராதவர் உண்டா?

இரண்டாவது, அச்சம். மணிச்சத்து மிகுதி என்று சீட்டு வந்தால் சங்கம் கடனைக் குறைத்துவிடும் என்று அங்கத்தினர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் நியாயமானது. இதைப் போக்கவேண்டிய பொறுப்பு அங்கத்தினருடையதன்று, சங்கத்தினுடையது. உரப் பகுதியில் மிச்சப்படும் தொகையை, அதே அங்கத்தினர் தொழு உரத்துக்கோ, ஆலைக்கழிவு எருவுக்கோ, நுண்ணூட்டத்துக்கோ பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் செய்து, மேலிடத்தின் அனுமதியைக் கோரவேண்டும். உண்மையைச் சொல்பவனுக்குத் தண்டனை கிடைக்கும் என்றால், உண்மை ஒருநாளும் வெளிவராது.

மூன்றாவது, சோதனையின் குறைபாடு. தழைச்சத்துச் சோதனை மற்ற இரண்டைப் போல் நிலையானதன்று. மழை பெய்தால் மணற்பாங்கில் அது கீழே இறங்கிவிடும். வெப்பம் கூடினால் மட்கிய பொருளிலிருந்து மேலும் வெளிவரும். ஆகையால்தான் தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல் 30, 60, 90-ஆம் நாட்களில் பகுத்திடச் சொல்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் கரும்பு பெருந்தொழிலாயிருந்த காலத்தில், கிளெமென்ட்ஸ் என்ற விஞ்ஞானி இலைகளையும் இலையுறைகளையும் குறித்த இடைவெளியில் எடுத்துச் சோதித்து, பயிருக்கென்றே ஒரு குறிப்பேடு எழுதும் முறையை வகுத்தார். மண் பரிசோதனை தொடக்கக் கணக்கு. பயிரைப் பார்ப்பது நடப்புக் கணக்கு. தொடக்கக் கணக்கில் குறை உண்டு என்பதற்காக அதனை எழுதாமலே விடுவது விவேகமாகாது.

நான்காவது ஆட்சேபத்தை யாரும் வெளியே சொல்வதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு அளவில் உரம் வழங்கினால் பதிவேடு எழுதுவது கடினம். தணிக்கை செய்வது அதைவிடக் கடினம். ஒரே அளவு இருந்தால் எழுத்தருக்கும் எளிது, எனக்கும் எளிது. இவ்வளவு காலமும் நாங்கள் எங்கள் வசதிக்காக நிலங்களையெல்லாம் ஒன்றாக்கி வைத்திருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதிவேட்டில் ஒரே எண் வரிசையாக நின்றால் அது ஒழுங்கு என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். இனிமேல் அவ்வரிசையைக் காணும்போது கேள்வி கேட்பதே என் கடமை என்று கருதுகிறேன்.

சங்கம் செய்யத்தக்கவை

செலவில்லாத, அல்லது சிறுசெலவில் முடியும் சில காரியங்களைக் கூறி முடிக்கிறேன்.

ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையிலுள்ள இரண்டு இளைஞர்களையோ பெண்களையோ மண் எடுக்கும் முறையில் பழக்கவேண்டும். வேளாண் அறிவியல் நிலையத்தாரையும், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தாரையும் அழைத்தால் ஒரு நாளில் கற்பித்துவிடுவார்கள். மண் எடுக்கும் தேதியைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி, ஒரு கிராமத்துப் பைகளை ஒன்றாகச் சேர்த்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பவேண்டும். தனித்தனியே ஒவ்வொருவரும் அலைவதைவிட ஒன்றாக அனுப்புவதற்குப் பெயர்தான் கூட்டுறவு.

சீட்டுகள் வந்தபின், பெயர்ப் பட்டியலோடு சேர்த்து ஒரு தனிப் பதிவேட்டில் எழுதவேண்டும். அவற்றைக் கூட்டினால், அந்தப் பருவத்துக்கு எந்த உரம் எத்தனை மூட்டை வேண்டும் என்று சங்கம் முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். இன்று பண்டகசாலையில் இருப்பதை அங்கத்தினர் வாங்குகிறார். அன்று அங்கத்தினருக்கு வேண்டியது பண்டகசாலையில் இருக்கும். ஒருமுறை நட்டு மறுதாம்பும் எடுத்து முடிய ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆகும். அந்தச் சுற்றுக்கு ஒரு சோதனை என்ற அளவிலாவது முதலில் தொடங்கலாம். ஊருக்கு ஒரு வயலில், சீட்டின்படி உரமிட்ட பகுதியையும் வழக்கப்படி இட்ட பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அறுவடையில் எடையையும் சாற்றின் திறனையும் எல்லோர் முன்னிலையிலும் அளக்கவேண்டும். என் கட்டுரையை நம்பவேண்டாம். அந்த வயலை நம்புங்கள்.

நெசவாள அங்கத்தினர்கள், இது கரும்புக்காரர் விஷயம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டியிருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். உங்கள் தொழிலில் இந்தச் சோதனை பழமையானது. ஒரு ராத்தல் எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் 40 நின்றால் அது 40-ஆம் நம்பர் நூல் என்பது உங்களுக்குக் கைவந்த கணக்கு. சிட்டத்தை எடை போட்டுப் பாராமல், லேபிளை நம்பிப் பாவு ஓட்டியவர் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். வந்த நூல் எதுவாயினும் எல்லாத் தறிக்கும் ஒரே அச்சைப் பூட்டுங்கள் என்று ஒரு சங்கம் சொன்னால் நகைப்பீர்கள். எல்லா வயலுக்கும் ஒரே மூட்டைக் கணக்கு என்று சொல்வதும் அதுதான். அடுத்த பொதுப் பேரவையில் இத்தீர்மானம் வந்தால், அதன் அவசியத்தை எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் இல்லை.

திரூரில் 1904-இல் கூடிய விவசாயிகள், தனித்தனியே நின்றால் வட்டிக்காரரிடம் சிக்குவோம், சேர்ந்து நின்றால் தலை நிமிர்வோம் என்று துணிந்தனர். அவர்கள் அறிந்திருந்தது ஒருவரையொருவர். யாருக்கு எவ்வளவு தேவை, யாரால் எவ்வளவு திருப்ப முடியும் என்பதை அறிந்தே கடன் கொடுத்தார்கள். கடன் பெறுபவரை அறிந்துகொள்ளாமல் கடன் கொடுக்கலாகாது என்பது கூட்டுறவின் முதல் பாடம். கரும்புக் கடனில் உண்மையாகக் கடன் பெறுவது அந்த நிலமே. அதன் தேவையையும் கேட்டறிந்து கொடுப்போம்.